அம்மாவைக் கூட்டிட்டு சிங்கப்பூர், கோலாலம்பூர் போறேன்: டாக்சிக்கே காசு கரையாம பத்திரமா சுத்த வழி சொல்லுங்க

உச்சிப்புளி_வாசகி · ஞாயிறு, இரவு 8:12

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூட ஆசிரியை நான். மே மாசம் லீவுல அம்மாவையும் அக்கா மகனையும் கூட்டிக்கிட்டு சிங்கப்பூர் நாலு நாள், கோலாலம்பூர் நாலு நாள் போறோம். அம்மாவுக்கு 61 வயசு, முழங்கால் வலி உண்டு. பையனுக்கு 6. எனக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். திருச்சியில ஏறி சிங்கப்பூர்ல காலையில இறங்குறோம். திரும்புறது கோலாலம்பூர்ல இருந்து, திருச்சிக்கு வந்து சேர ராத்திரி பன்னிரண்டரை ஆயிடும்.

டிக்கெட், சிங்கப்பூர் விசா, தங்குற இடம் எல்லாம் முடிஞ்சது. சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு சின்ன ஓட்டல், கோலாலம்பூர்ல மஸ்ஜித் இந்தியா பக்கம். ஊருக்குள்ள எப்படிப் போய் வர்றதுங்கறதுதான் புரியல. எட்டு நாளைக்கும் கார் ஏற்பாடு பண்ணித் தர்றேன்னு ஒரு டிராவல்ஸ்காரர் சொன்ன தொகை, மூணு பேரோட விமான டிக்கெட்டைவிட அதிகம். அவ்வளவு முடியாது.

அப்பா போனதுக்கப்புறம் அம்மா மதுரையைத் தாண்டினதே இல்ல. அவங்க பயப்படாம, கால் நோகாம போயிட்டு வரணும். அங்க இருந்தவங்க, இருக்கறவங்க சொல்லுங்க.

---

ஏர்வாடி_தம்பி · ஞாயிறு, இரவு 8:40

அக்கா, ரொம்ப யோசிக்காதீங்க. ரெண்டு ஊர்லயும் கிராப் ஆப் இருக்கு. போன்லயே வண்டி கூப்பிடலாம், ரேட்டு முன்னாடியே தெரிஞ்சிடும், பேரம் கிடையாது. நான் அப்படித்தான் சுத்தினேன்.

---

பாம்பன்_கரை · ஞாயிறு, இரவு 10:05

நான் சிங்கப்பூர்ல ஆஸ்பத்திரி வேலை, பதினோரு வருஷம் ஆச்சு. தம்பி சொல்றது கோலாலம்பூருக்குச் சரி. சிங்கப்பூர்ல தினம் கிராப்னு போனா வாசகி அக்கா சேர்த்து வச்ச காசெல்லாம் நாலே நாள்ல போயிடும். அதோட இன்னொரு விஷயம் இருக்கு. இங்க 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைஞ்ச பிள்ளைங்க கார்ல ஏறினா அவங்களுக்கு ஏத்த சீட் இருக்கணும். சாதாரண டாக்சிக்கு அதுல விலக்கு உண்டு. கிராப் மாதிரி ஆப்ல வர்ற தனியார் காருக்கு விலக்கு இல்ல. ஆறு வயசுப் பையனோட நிக்கறதைப் பார்த்து, ஏத்த முடியாதுன்னு டிரைவர் கிளம்பிட்டா அவர் மேல தப்பில்ல. பிள்ளை சீட்டோட வர்ற வண்டின்னு ஆப்ல தனியா தேர்வு பண்ணணும், இல்ல தெருவுல வர்ற டாக்சியைக் கை காட்டி நிறுத்தணும்.

அக்கா, உங்களுக்கு இங்க ரயிலும் பஸ்ஸும்தான். அம்மா காலை நெனச்சு பயப்பட வேணாம். எம்ஆர்டின்னா இங்க நகர ரயில், எல்லா எம்ஆர்டி ஸ்டேஷன்லயும் லிப்ட் இருக்கு. பிளாட்பாரமும் ரயில் தளமும் ஒரே மட்டம், நம்ம ராமநாதபுரம் ஸ்டேஷன்ல மாதிரி காலைத் தூக்கி வைக்க வேண்டாம்.

சாங்கி ஏர்போர்ட்ல இறங்கினதும் 'டிரெயின் டு சிட்டி'ன்னு போர்டு இருக்கும், அதைப் பிடிச்சு போங்க. ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷன் எக்ஸ்போ. பலரும் அதுக்கடுத்த தானா மேரா போய் மாறுவாங்க. நீங்க எக்ஸ்போலயே இறங்கி, நீலக் கோடு போட்ட டவுன்டவுன் லைனுக்கு மாறுங்க. அது நேரா 'லிட்டில் இந்தியா' ஸ்டேஷனுக்கே வரும். ஒரே ஒரு தடவை மாறினா போதும், அம்மாவுக்கு உட்காரவும் இடம் கிடைக்கும். ஆளுக்கு ரெண்டு மூணு வெள்ளிக்குள்ள (சிங்கப்பூர் டாலர்) முடிஞ்சிடும். அதே தூரம் டாக்சின்னா முப்பது வெள்ளி வரைக்கும் போகலாம், ஏர்போர்ட்ல ஏறினா மீட்டருக்கு மேல தனிக் கட்டணமும் சேரும். ராத்திரி 12 மணியில இருந்து காலை 6 வரைக்கும் மீட்டர்ல பாதி கூடுதலா வரும். இது ஏமாத்து இல்ல, இங்க வழக்கமான கட்டணமே அப்படித்தான். நீங்க காலையில இறங்குறதால அந்தக் கவலை இல்ல.

டிக்கெட்டுக்கு வரிசையில நிக்க வேண்டாம். தொட்டா காசு போற விசா, மாஸ்டர்கார்டு இருந்தா அதையே கதவுல தட்டி உள்ள போகலாம். வெளிநாட்டு கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 காசு கூடுதலா பிடிப்பாங்க, அவ்வளவுதான். ஆனா ஒரு கார்டுல ஒரு ஆள்தான். மூணு பேரும் ஒரே கார்டைத் தட்டி உள்ள போக முடியாது. உங்ககிட்ட ஒரு கார்டுதான் இருக்குன்னா அம்மாவுக்கும் பையனுக்கும் ஸ்டேஷன்ல ஈஸி-லிங்க் கார்டு வாங்கிடுங்க. பையன் 0.9 மீட்டரைத் தாண்டியிருப்பான், கார்டு இல்லாம ஓசியில விட மாட்டாங்க. பஸ்ல ஏறும்போது தட்டுற மாதிரி இறங்கும்போதும் தட்டணும். மறந்தா கடைசி ஸ்டாப் வரைக்கும் போன கணக்குல காசு போகும். முதல் நாள் எல்லாரும் மறப்பாங்க, நீங்க அம்மாவுக்கு ஞாபகப்படுத்திட்டே இருங்க.

ரயிலுக்குள்ள சாப்பிடக் கூடாது, தண்ணிகூட குடிக்கக் கூடாது. 500 வெள்ளி வரைக்கும் அபராதம். பையன் கையில பிஸ்கட் பாக்கெட் இல்லாம பார்த்துக்கங்க.

---

உச்சிப்புளி_வாசகி · திங்கள், காலை 6:20

அக்கா, ரொம்ப நன்றி. எக்ஸ்போல மாறணும்னு தெரியவே தெரியாது. கார்டு எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. அது இங்க கடையில தட்டினா போகுது, அங்கயும் அப்படியே போகுமா?

---

தொண்டி_மச்சான் · திங்கள், பகல் 1:30

அப்படியே போகாதும்மா. இங்க பல பேர் மாட்டிக்கிற இடமே இதுதான். 2020-ல ரிசர்வ் வங்கி கொண்டு வந்த விதிப்படி, புதுசா கிடைக்கிற கார்டெல்லாம் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வங்கி ஆப்ல போயி 'இன்டர்நேஷனல்' பகுதியில 'கான்டாக்ட்லெஸ்', கடை, ஏடிஎம் ஒவ்வொண்ணையும் தனித்தனியா திறந்து விடணும். ஒரு நாள் வரம்பையும் நீங்களே போட்டு வைங்க, கார்டு தொலைஞ்சா இழப்பு அந்த அளவோட நிக்கும். வீட்ல இருக்கும்போதே செஞ்சிடுங்க. அதுக்கு ஓடிபி வரும், நம்ம சிம் அங்க வேலை செய்யலன்னா ஓடிபி எங்க வரும்? அதனால ஊர் சிம்மைக் கழட்டாம, குறுஞ்செய்தி வர்ற அளவுக்காவது ரோமிங் போட்டு வச்சிருங்க. கிராப் ஆப்பையும் ஊர்லயே இறக்கி, நம்ம நம்பர்லயே பதிஞ்சு, உள்ள போக முடியுதான்னு பார்த்துடணும். ஏர்போர்ட்ல நின்னுகிட்டு முதல் தடவையா பதியற வேலை வேண்டாம்.

அங்க கடையிலயோ ஏடிஎம்லயோ 'ரூபாயில பிடிக்கட்டுமா, உள்ளூர்க் காசில பிடிக்கட்டுமா'ன்னு கேட்டா உள்ளூர்க் காசுன்னே அமுக்குங்க. ரூபாயில பார்த்தா மனசுக்கு நிம்மதியா இருக்கும், ஆனா அந்த மாற்று விலை எப்பவும் நமக்குப் பாதகமாத்தான் இருக்கும்.

இப்ப கோலாலம்பூர். மஸ்ஜித் இந்தியா தெருவுல ஒரு சாப்பாட்டுக் கடையில எட்டு வருஷம் நின்னவன் நான். முதல் தடவை போன கதையைச் சொல்றேன். நானும் என் கூட்டாளியும் ராத்திரி இறங்கினோம். வெளிய வந்ததும் நல்லா உடுத்துன ஒருத்தர் தமிழ்லயே பேசினார். 'எந்த ஊரு தம்பி, தொண்டியா, நம்ம பக்கம்தான்'னு சொல்லி, கையில இருந்த டிராலியை வாங்கித் தள்ளிக்கிட்டு முன்னால நடந்தார். நம்ம மொழி பேசுறாரேன்னு நம்பிப் பின்னால போனோம். வண்டி மஞ்சள் டாக்சி இல்ல, சாதாரண கார். பாதி வழியில நிறுத்தி, சொன்ன காசைப் போல மூணு மடங்கு கேட்டார். சுத்தி இருட்டு, ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். கொடுத்துட்டுத்தான் இறங்கினோம். முதல் மாச சம்பளத்துல பாதி அந்தக் கடனுக்கே போச்சு. இருபது வருஷம் ஆகியும் அந்த ராத்திரி எனக்கு மறக்கல. அதனாலதான் ஊர்ல இருந்து யார் கிளம்பினாலும் நான் இதையே சொல்லி அனுப்புவேன்: தரையிறங்கின முதல் ஒரு மணி நேரத்துக்கு எந்த வண்டி, எந்த வாசல், எவ்வளவு காசுன்னு வீட்ல இருக்கும்போதே முடிவு பண்ணிடணும். தூக்கம் இல்லாம, பெட்டியோட, மொழி தெரியாம நிக்கற அந்த நேரத்துல மனுஷனுக்கு யோசிக்க வராது. உதவிக்கு வர்றேன்னு யார் கேட்டாலும், நம்ம ஊர்க்காரரே ஆனாலும், பெட்டியை மட்டும் கொடுக்காதீங்க.

நீங்க சிங்கப்பூர்ல இருந்து பஸ்ல வர்றீங்களா, விமானத்துலயா?

---

உச்சிப்புளி_வாசகி · திங்கள், மாலை 5:45

அண்ணே, படிக்கும்போதே நெஞ்சு படபடன்னு இருந்துச்சு. நாங்க இன்னும் முடிவு பண்ணல. அம்மாவுக்குப் பஸ் சரியா வருமா?

---

தொண்டி_மச்சான் · திங்கள், இரவு 9:10

பஸ் நல்ல பஸ்தான். அகலமான சீட்டு, அஞ்சாறு மணி நேரம். பயணத்துல கஷ்டம் இல்ல, எல்லையிலதான் கஷ்டம். சிங்கப்பூர் குடியேற்றச் சோதனைக்கு ஒரு தடவை, பாலம் தாண்டினதும் மலேசியா பக்கம் ஜோகூர்ல ஒரு தடவை, ரெண்டு இடத்துலயும் இறங்கி ஏறணும். ஜோகூர்ப் பக்கம் பெட்டியையும் கையோட தூக்கிட்டுப் போகணும். வெள்ளி சாயங்காலம், ஞாயிறு சாயங்காலம், பள்ளி விடுமுறை நாள்னா பாலத்துல வண்டி நகரவே நகராது. வாரத்து நடுவுல காலையில கிளம்புற பஸ்ஸா எடுத்தா அம்மாவால முடியும். இறங்கின இடத்துலயே பஸ் காத்திருக்கும்னு நம்பி நிதானமா நடக்காதீங்க. பஸ் நம்பரைப் படம் பிடிச்சு வச்சுக்கிட்டு, பெரியவங்க கூட இருக்காங்கன்னு டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

பஸ் எங்க கொண்டு விடும்னு டிக்கெட் எடுக்கும்போதே பாருங்க. டிபிஎஸ்னு சொல்ற தெற்கு பஸ் நிலையத்துக்கு வந்தா பக்கத்துலயே எல்ஆர்டி நகர ரயில். அதுல ஏறினா மஸ்ஜித் ஜாமெக் ஸ்டேஷன், உங்க ஓட்டல் நடக்குற தூரம்.

விமானம்னா ஏர்போர்ட்டுக்கும் நகரத்துக்கும் 50 கிலோமீட்டருக்கு மேல இருக்கு. நகரத்தோட பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிஷம், பெரியவங்களுக்கு 55 ரிங்கிட். ஏர்போர்ட் பஸ் பதினைந்து ரிங்கிட் பக்கம்தான், ஒரு மணி நேரம் ஆகும். தனி ஆளுன்னா பஸ்தான் சொல்வேன். மூணு பேர் பெட்டியோடன்னா கணக்குப் போட்டுப் பாருங்க, ரயிலைவிட கிராப் குறைவா வரும். ஒத்தையா போறவனுக்கு மலிவா இருக்கறது குடும்பத்துக்கு அப்படி இருக்கணும்னு இல்ல.

நகரத்துக்குள்ள ரயில், பஸ்ல தட்டுறதுக்கு டச் அண்ட் கோ கார்டு ஆளுக்கு ஒண்ணு. பத்து மலைக்கு கேஎல் சென்ட்ரல்ல இருந்து கொம்யூட்டர் ரயில், கோயில் வாசல் பக்கத்துலயே இறங்கலாம். அந்த ரயில்ல நடுவுல பெண்களுக்குன்னே தனிப் பெட்டி உண்டு. மேல குகைக்கு 272 படி. அம்மா முழங்காலுக்கு வேண்டாம். கீழயே பெரிய முருகனைக் கும்பிட்டுட்டு உட்காரட்டும், நீங்களும் பையனும் மட்டும் ஏறிட்டு வாங்க.

நடந்து போகும்போது ஒண்ணு மட்டும் கவனம். மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பேரா வந்து கைப்பையை இழுத்துட்டுப் போறது அங்க நடக்குற விஷயம். பை ரோட்டுப் பக்கம் தொங்கக் கூடாது, சுவர்ப் பக்கம் இருக்கணும். இழுத்தா விட்டுடச் சொல்லுங்க அம்மாகிட்ட. பிடிச்சிக்கிட்டு கீழ விழுந்துதான் நெறைய பேருக்கு எலும்பு முறியுது. பாஸ்போர்ட்டை அந்தப் பையில வைக்கவே வைக்காதீங்க.

---

சாயல்குடி_பட்டதாரி · செவ்வாய், காலை 11:02

நடுவுல ஒரு கேள்வி, மன்னிக்கணும். வேலை தேடி துபாய் போறேன், விசிட் விசா, ரெண்டு மாசம். ஷார்ஜாவுல ரூம். இன்டர்வியூ எல்லாம் துபாய்ல. தினமும் டாக்சிக்கு என்னால முடியாது. அங்க எப்படி?

---

கீழக்கரை_காக்கா · செவ்வாய், மாலை 4:15

தம்பி, தாராளமா கேளுங்க. நான் துபாய் தேராவுல பதினாலு வருஷம்.

முதல்ல நோல் கார்டு. சில்வர் கார்டு 25 திர்ஹம், அதுல 19 திர்ஹம் பயணத்துக்கு இருக்கும். மெட்ரோ, பஸ், டிராம் எல்லாத்துக்கும் அதே கார்டு. எத்தனை வட்டாரம் கடக்குறீங்களோ அதுக்கேத்தபடி 3, 5, ஏழரைன்னு போகும். ஒரே நாள்ல நாலஞ்சு இன்டர்வியூன்னா 20 திர்ஹம் நாள் பாஸ் கட்டுப்படியாகும். 2009 செப்டம்பர்ல மெட்ரோ ஓட ஆரம்பிச்சதுல இருந்து எங்க மாதிரி ஆளுங்களுக்கு அதுதான் கால். ஆனா ஷார்ஜாவுக்கு மெட்ரோ கிடையாது. அங்க இருந்து ஊர் விட்டு ஊர் போற பஸ்ல வந்து, யூனியன் ஸ்டேஷன்ல மெட்ரோ மாறுவீங்க. தூரம் ரொம்பக் குறைவு, காலை நெரிசல்ல நேரம் ரொம்ப அதிகம். பத்து மணி இன்டர்வியூக்கு ஏழு மணிக்கே கிளம்புங்க. ரூம் வாடகை குறையுதுன்னு ஷார்ஜா எடுக்குறோம், அந்த மிச்சத்துல ஒரு பங்கு பஸ்ஸுக்கும் தூக்கத்துக்கும் போகும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

ஏர்போர்ட்ல டெர்மினல் 1, 3 ரெண்டுக்கும் மெட்ரோ உள்ளயே இருக்கு. டெர்மினல் 2-க்கு இல்ல, நம்ம பக்கத்துல இருந்து வர்ற மலிவு விமானம் பலதும் அங்கதான் இறங்கும். டிக்கெட்ல எந்த டெர்மினல்னு பாருங்க. மெட்ரோவுல ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்னப் பெட்டிதான் விடுவாங்க. உம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டு அட்டைப் பெட்டியும் சேர்ந்தா டாக்சிதான். விமான நிலைய டாக்சி மீட்டர் 25 திர்ஹம்ல ஆரம்பிக்கும். எல்லா டாக்சியும் மீட்டர்தான், பேரம் பேசவே வேண்டாம். தனியா வர்ற நம்ம பொம்பளப் பிள்ளைங்களுக்கு, கூரை இளஞ்சிவப்பா இருக்குற டாக்சி இருக்கு, பெண்களே ஓட்டுவாங்க. மெட்ரோவுலயும் பெண்களுக்கும் பிள்ளைங்களுக்கும் தனிப் பெட்டி உண்டு. அதுல தெரியாம ஆம்பள ஏறிட்டா அபராதம், கோடு பார்த்து நில்லுங்க.

ஞாயித்துக்கிழமை மெட்ரோ காலை 8 மணிக்குத்தான் ஆரம்பிக்கும். மத்த நாள் 5 மணி.

அப்புறம் ரோடு. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன் தம்பி. நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில கை காட்டிக் குறுக்க நடந்த பழக்கத்துல அங்க இறங்கிடாதீங்க. வண்டி வலது பக்கம் ஓடும், நம்ம கண்ணு தானா எதிர்ப்பக்கம் பார்க்கும். 400 திர்ஹம் அபராதம்ங்கறது இருக்கட்டும், அந்த வேகத்துல வர்ற வண்டி நிக்காது. என் ரூம்ல இருந்த ஒரு பையன், எனக்குத் தம்பி மாதிரி, டீ வாங்க ரோட்டைத் தாண்டினவன் திரும்பி வரல. சுரங்கப் பாதையோ மேம்பாலமோ இருக்கும், அஞ்சு நிமிஷம் சுத்தினாலும் அதுல போங்க.

தேராவுக்கும் பர் துபாய்க்கும் நடுவுல ஓடை தாண்ட அப்ரா படகு ஒரு திர்ஹம். நம்ம கடல்காரப் பிள்ளைக்கு அதுல ஏறினா மனசு லேசாயிடும்.

---

ராம்நாடு_63 · செவ்வாய், இரவு 8:50

இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். நம் கரைக்கு மிக அருகில் உள்ள வெளிநாடான இலங்கையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் நின்றால் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல், தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயில் என்று கொழும்பு போய்ச் சேரலாம். என் தகப்பனார் அப்படிப் போனவர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு அந்த வழி போயிற்று. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய நாள் அவரை நினைத்துக்கொண்டேன். இப்போது கப்பலில் போக வேண்டுமானால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, மறுபடி ஓடுகிறது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள் என்பதை மனதில் வைத்துத் தேதி குறிக்க வேண்டும்.

நான் இரண்டு முறை போனேன், விமானத்தில். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு 187 எண் பேருந்து. ஊருக்குள் முச்சக்கர வண்டி. நாம் ஆட்டோ என்று சொல்வதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஆட்டோ என்றாலும் புரிந்துகொள்வார்கள். மீட்டர் இருக்கும் வண்டியில் ஏறி, ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 'பிக்மீ' என்ற ஆப்பில் அழைத்தால் தொகை முன்பே தெரியும். தொலைவுக்கு ரயிலே மேல். யாழ்ப்பாணத்துக்கும் தலைமன்னாருக்கும் கொழும்புக் கோட்டையிலிருந்து ரயில் உண்டு, கட்டணம் மிகக் குறைவு. முன்பதிவு இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஓடும் ரயிலின் வாசற்படியில் தொங்கிப் படம் எடுக்கும் பழக்கம் மலையகப் பாதையில் வந்துவிட்டது. உயிர் போயிருக்கிறது. இளைஞர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

---

ஏர்வாடி_தம்பி · புதன், காலை 9:30

அய்யா, அருமை. நான் போன வருஷம் தாய்லாந்து போனப்ப ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துத்தான் சுத்தினேன். எல்லாத்தையும்விட மலிவு. கடையில பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டாங்க, லைசென்ஸ்கூட கேட்கல. கூட்டமா போற பசங்களுக்கு இதுதான் சரி.

---

கீழக்கரை_காக்கா · புதன், பகல் 12:40

தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்னது மூணும் ஆபத்து. பாஸ்போர்ட்டை அடமானம் வச்சா, வண்டியில ஏற்கெனவே இருந்த கீறலுக்கும் உங்ககிட்டயே காசு கேட்கலாம், கொடுக்காம வெளிய வர முடியாது. பணமா முன்பணம் கேட்கிற கடைக்குப் போகணும், வண்டியைச் சுத்திப் படம் எடுத்துக்கணும். கடைக்காரர் லைசென்ஸ் கேட்கலன்னா போலீஸ் கேட்காதுன்னு அர்த்தம் இல்ல.

பெரிய ஆபத்து இன்ஷூரன்ஸ். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாம விழுந்தா பயணக் காப்பீட்டுக்காரங்க ஆஸ்பத்திரிச் செலவைத் தர மறுப்பாங்க. அந்த அனுமதி நம்ம ஆர்டிஓ ஆபீஸ்லயே கிடைக்குது. 1,000 ரூபா கட்டணம், ஒரு வருஷம் செல்லும். கையில ரெண்டு சக்கர வண்டி லைசென்ஸ் இருக்கணும், கார் லைசென்ஸ் மட்டும் வச்சு ஸ்கூட்டர் ஓட்டினா அதுவும் செல்லாது.

---

ஏர்வாடி_தம்பி · புதன், பகல் 1:15

காக்கா, இன்ஷூரன்ஸ் விஷயம் எனக்கு யாரும் சொல்லல. நாங்க நாலு பேர் ஹெல்மெட்கூட இல்லாம ஓட்டினோம். மறுபடி போகும்போது அனுமதி எடுத்துட்டுத்தான் போவேன். மேல எழுதினதை யாரும் பின்பற்ற வேணாம்.

---

பெரியபட்டினம்_லாத்தா · புதன், இரவு 9:25

அஸ்ஸலாமு அலைக்கும். உச்சிப்புளித் தங்கச்சி அம்மாவைக் கூட்டிட்டுப் போறதால எழுதுறேன். நான் போன வருஷம் உம்ராவுக்கு எங்க உம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். மக்காவுல இருந்து மதீனாவுக்கு ஹரமைன் ரயில், 2018-ல வந்தது. முன்னாடி பஸ்ல அஞ்சாறு மணி நேரம் உட்கார்ந்து கால் வீங்கிப் போகும்னு எங்க மாமி சொல்வாங்க. ரயில் ரெண்டரை மணி நேரத்துக்குள்ள கொண்டு விட்டுடுச்சு. டிக்கெட் பஸ்ஸைவிட கூடுதல்தான். உம்மா இறங்கின அன்னைக்கே தானா நடந்து பள்ளிவாசலுக்குப் போனாங்க. அதைப் பார்த்தப்ப அந்தக் காசு எனக்குப் பெருசா தெரியல. பெரியவங்க கூட வரும்போது எல்லாத்துலயும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீங்க தங்கச்சி. சிங்கப்பூர்ல ரயில்ல மிச்சம் பிடிச்சதுல ஒரு பகுதியை, சாயங்காலம் அம்மா களைச்சுப் போற நேரத்துக்கு டாக்சிக்குன்னு தனியா எடுத்து வைங்க.

இன்னொண்ணு. கூட்டத்துல உம்மா ஒரு தடவை தவறிட்டாங்க. நாற்பது நிமிஷம். எனக்கு உயிரே இல்ல. அவங்க கழுத்துல ஓட்டல் பேரு, அந்த ஊர் எழுத்துலயே அச்சடிச்ச அட்டை, பின்னால என் நம்பர் போட்டு மாட்டி விட்டிருந்தேன். ஒரு போலீஸ்காரர் அதைப் பார்த்துக் கூப்பிட்டுச் சொன்னார். உங்க அம்மாவுக்கும் பையனுக்கும் அப்படி ஒண்ணு செஞ்சு போடுங்க. ஓட்டல் கவுன்ட்டர்ல கேட்டா விசிட்டிங் கார்டு தருவாங்க.

---

பாம்பன்_கரை · வியாழன், காலை 7:10

லாத்தா சொன்னது ரொம்ப முக்கியம். அதோட அம்மாகிட்ட இதையும் சொல்லி வைங்க: ரயில்ல நீங்க ஏறி அவங்க ஏறலன்னா, அவங்க அந்த இடத்துலயே நிக்கணும், அடுத்த ரயில்ல ஏறக் கூடாது. நீங்க அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பி வருவீங்கன்னு பேசி வச்சுக்கங்க. நம்ம ஊர்ல 'நீ போ, நான் பின்னால வர்றேன்'ங்கற பழக்கம் அங்க ரெண்டு பேரையும் ரெண்டு பக்கம் கொண்டு போயிடும்.

போலீஸ் நம்பர் சிங்கப்பூர்ல 999, ஆம்புலன்ஸ் 995. மலேசியாவுல ரெண்டுக்கும் 999. சிங்கப்பூருக்குப் போக மூணு நாள் முன்னாடியும், மலேசியாவுக்கு மூணு நாள் முன்னாடியும் வருகைப் படிவம் ஆன்லைன்ல போடணும். ரெண்டும் இலவசம். காசு கேட்குற தளம் வந்தா அது அரசுத் தளம் இல்ல.

---

உச்சிப்புளி_வாசகி · வியாழன், இரவு 8:00

எல்லார் எழுதினதையும் நோட்டுல எழுதி அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். லாத்தா, அம்மா உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னாங்க. பஸ்லயே போறோம், புதன்கிழமை காலை. இன்னொரு கவலைதான் மிச்சம். திரும்பி வர்ற ராத்திரி திருச்சியில இறங்கி ஊருக்கு எப்படி வர்றது? பன்னிரண்டரைக்கு இறங்கி, பெட்டி எடுத்து வெளிய வர ஒண்ணரை ஆயிடும்.

---

தொண்டி_மச்சான் · வியாழன், இரவு 8:35

அந்த நேரத்துல தெரியாத கார்ல ஏறாதீங்கம்மா. ராத்திரி முழுக்க ஓட்டிக் களைச்ச டிரைவர், தேவகோட்டை தாண்டினா ஆள் அரவமே இல்லாத ரோடு. எத்தனையோ சபுராளி (வெளிநாடு போய் வர்றவங்க) குடும்பம் வெளிநாட்டுல பத்திரமா இருந்துட்டு, ஊருக்கு அம்பது கிலோமீட்டர் இருக்கும்போது விபத்துல போயிருக்கு. விடியுற வரைக்கும் டெர்மினல் உள்ளயே உட்காருங்க. அஞ்சு மணிக்கு மேல திருச்சி பஸ் ஸ்டாண்டு போனா ராமநாதபுரம் பஸ் கிடைக்கும்.

---

மண்டபம்_வேன் · வெள்ளி, காலை 6:05

வாசகி டீச்சர், நான் மண்டபத்துல வேன் ஓட்டுறேன். உங்க பள்ளிக்கூடத்துல எங்க வீட்டுப் பிள்ளை படிக்குது. அதே தேதியில வேதாளை குடும்பம் ஒண்ணு கோலாலம்பூர்ல இருந்து வர்றாங்க, அவங்களைக் கூப்பிட நான் திருச்சி வர்றேன். பகல்ல தூங்கிட்டுத்தான் வண்டி எடுப்பேன். காரைக்குடியில டீ குடிக்க அரை மணி நிறுத்துவேன். ராத்திரி மூணு மணிக்கு மேல கண்ணு அசந்தா ஓரங்கட்டிடுவேன், அதுக்கு நீங்க சம்மதிக்கணும். வேன்ல நாலு சீட்டு காலியா இருக்கு. பெட்டி எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க.

---

உச்சிப்புளி_வாசகி · வெள்ளி, காலை 6:30

அண்ணே, மூணு பெட்டி, ஒரு கைப்பை. நீங்க எவ்வளவு நேரம் ஓரங்கட்டினாலும் சரி. அம்மாவுக்கு முன் சீட்டு கிடைக்குமா, காலை நீட்டி உட்காரணும்.

---

மண்டபம்_வேன் · வெள்ளி, காலை 6:41

கிடைக்கும் டீச்சர். வேதாளைக்காரங்ககிட்ட சொல்லிடுறேன்.